கிளை நூலகத்தில் கைப்பேசி விளையாட்டு: செலவில்லாமல் எப்படி நடத்துவது?

குடியாத்தம் வாசகி:
எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தில் நானும் ஒருத்தி. காலையில் பேப்பர் மேசை நிரம்பிவிடும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள் சொந்த கைடோடு வந்து ஃபேனுக்குக் கீழே இடம் பிடிப்பார்கள். ரேக் பக்கம் போகத்தான் ஆளில்லை. பள்ளி விட்டு வரும் பசங்க அம்மாவின் போனோடு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த போனை வைத்தே அவர்களை ரேக் வரை இழுக்க முடியுமா? நியூயார்க் பொது நூலகத்தில் 2011 மே மாதம், கட்டட நூற்றாண்டுக்காக, 500 பேரை ராத்திரி முழுக்க உள்ளே விட்டு, போனில் க்யூஆர் கோடு தேடும் விளையாட்டு நடத்தியிருக்கிறார்கள். எங்களிடம் ஆப் செய்யக் காசு இல்லை, வைஃபையும் இல்லை. "நடத்துங்கம்மா, சத்தம் மட்டும் கூடாது" என்கிறார் நூலகர்.

காட்பாடி தம்பி:
அக்கா, ஆப்பே வேண்டாம். க்யூஆர் கோடுக்குள் லிங்க் போடாமல் துப்பையே எழுத்தாக வையுங்கள். பெரும்பாலான போன்கள் நெட் இல்லாமலே படித்துவிடும். துப்பு ஒரு வரியைத் தாண்ட வேண்டாம். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கட்டங்கள் பொடியாகி, பழைய போன் கேமரா திணறும். கோடைப் பெரிதாக அச்செடுத்து ரேக்கின் பக்கவாட்டில் ஒட்டினால் போதும். 'கோட்டைக்குள் 1806 ஜூலை 10 அன்று நடந்தது என்ன?' மாதிரி நம்ம வேலூர்க் கேள்வியாகப் போடுங்கள்.

வாலாஜா பழைய நூலகர்:
தம்பி சொன்ன கோடு சரி, கேள்வி சரியில்லை. சிப்பாய்ப் புரட்சி என்று கூகுள் ஒரு நொடியில் சொல்லிவிடும். புதுத் தலைப்பாகைதான் சிப்பாய்களைக் கிளப்பியது என்பதையும் அதுவே சொல்லும். பையன் படியை விட்டு ஏன் எழுந்திருக்கப் போகிறான்? உங்கள் ரேக்கில் இருக்கும் புத்தகத்தைக் கையில் எடுத்தால்தான் பதில் கிடைக்க வேண்டும். 'வேலூர் வரலாறு ரேக்கில் நீல அட்டைப் புத்தகம். தலைப்பாகை பற்றிய அத்தியாயம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது?' அந்த எண்தான் அடுத்த ரேக்கின் சாவி. பக்கத்தைத் தேடுகிற சாக்கில் நாலு வரியாவது கண்ணில் படும்.

பசங்க விடையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு குழுவும் வேறு ரேக்கில் தொடங்கட்டும். அப்புறம், எடுத்த புத்தகத்தைத் திருப்பி ரேக்கில் வைக்கச் சொல்லவே சொல்லாதீர்கள், மேசைமேல் விடச் சொல்லுங்கள். இடம் மாறி நுழைந்த புத்தகம் தொலைந்த புத்தகம்தான், எத்தனை வருஷம் அதைத் தேடியிருக்கிறேன் தெரியுமா! சாயங்காலம் மேசையில் கிடப்பதைப் பார்த்தால் எது கைக்கு வந்தது, எது வரவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

குடியாத்தம் வாசகி:
மேசை யோசனை நூலகருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது ஐயா. மூன்று பேருக்கு ஒரு போன் என்று வைக்கப் போகிறோம், போன் இல்லாத பிள்ளையும் வரலாமே. பேப்பர் மேசைப் பெரியவர்கள்தான் முணுமுணுக்கிறார்கள்.

வாலாஜா பழைய நூலகர்:
அவர்களில் ஒருவரிடமே ஒரு துப்பைக் கொடுத்து வையுங்கள் அம்மா. பிள்ளைகள் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டால்தான் சொல்வார் என்று விதி. பரிசுக்கு உறுப்பினர் அட்டையே போதும். கட்டணத்தை வாசகர் வட்டம் கட்டட்டும். பேனா, டிபன் பாக்ஸ் எல்லாம் வேண்டாம்.

காட்பாடி தம்பி:
துப்புகளை அனுப்புங்க அக்கா, கோடு போட்டுத் தருகிறேன். ஒட்டும் முன் பழைய போன் ஒன்றில் சோதித்துவிடுங்கள்.