டிஎம்எஸ்ஓ மட்டும் இட்ட குழிகளிலும் எஃப்பிடி நீள்கிறது: எங்கே பிழை?

பொரளைவாசி (கேள்வி)

வணக்கம். ஐபிஎஸ் கலங்களிலிருந்து (எந்த வகைக் கலமாகவும் மாற்றக்கூடிய தண்டுக்கலங்கள்) உருவாக்கிய இதயத்தசைக் கலங்களில், வாந்தியைத் தடுக்கும் மருந்தான டொம்பெரிடோனைச் சோதிக்கிறோம். உறைநிலையில் வந்த கலங்கள். 48 குழி எம்இஏ பிளேட் (கலங்களின் மின்சைகையைப் பதிய ஒவ்வொரு குழியிலும் மின்வாய்கள் பதித்தது), ஃபைப்ரோனெக்டின் பூச்சு, குழிக்கு 50,000 கலம், 300 மைக்ரோலீற்றர் ஊடகம். உருக்கி எட்டாம் நாள் பதிவு. நிமிடத்துக்கு 40 தடவை அளவில் சீராகத் துடிக்கின்றன. பழைய ஊடகத்தை முழுதாக எடுத்துவிட்டு மருந்து கலந்ததை ஊற்றி, 10 நிமிடம் விட்டுப் பதிகிறோம்.

300 நானோமோலாரில் எஃப்பிடி (ஒவ்வொரு துடிப்பிலும் மின்சைகை தொடங்கி முடியும் வரையான நேரம்) 30 சதவீதம் கூடுகிறது. ஹெர்க் கால்வாயை (இதயக் கலத்திலிருந்து பொட்டாசியத்தை வெளிவிடுவது) அடைக்கும் மருந்து என்பதால் அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மருந்தில்லாமல், அதைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் இட்ட குழிகளிலும் 480 மில்லிசெக்கன் 530 ஆகிறது. டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டவில்லை. இப்படியிருக்க, குறைந்த செறிவுகளில் வரும் 10 சதவீத நீட்சியை மருந்தின் வேலை என்று எப்படி எழுதுவது?

மின்வாய்

0.1 சதவீத டிஎம்எஸ்ஓவில் குற்றம் தேடவேண்டாம். அந்தக் குழிகளில் மாற்றத்துக்குப் பின் துடிப்பு எவ்வளவு என்று பார்த்தீர்களா? 40இலிருந்து 30க்கு இறங்கியிருந்தால் உங்கள் 50 மில்லிசெக்கனுக்கு அதுவே கணக்குச் சொல்லிவிடும். ஃப்ரிடெரீசியா முறைப்படி எஃப்பிடியைத் துடிப்பு இடைவெளியின் கனமூலத்தால் வகுங்கள். இடைவெளி செக்கனில் இருக்கவேண்டும். 40 துடிப்பென்றால் இடைவெளி 1.5 செக்கன்: 480 ÷ 1.145 = 419. 30 துடிப்பென்றால் 2 செக்கன்: 530 ÷ 1.26 = 421. ஆக, மறுமுனைவாக்கம் (துடிப்புக்குப் பின் கலம் மின் ஓய்வுநிலைக்குத் திரும்புவது) நீளவில்லை. கலங்கள் மெதுவாகத் துடித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஏன் மெதுவானது? என் பந்தயம் வெப்பநிலையில். கொழும்பில் ஏசி போட்ட ஆய்வுகூடம் 24 பாகையில் இருக்கும். அந்த மேசையில் இருந்த ஊடகத்தை 300 மைக்ரோலீற்றரும் முழுதாக மாற்றினால், கலங்களை 24 பாகைத் தண்ணீரில் முக்கியெடுத்ததற்குச் சமம். 10 நிமிடத்தில் அவை பழைய நிலைக்கு வருமென்று நம்பமுடியாது. ஹெர்க் ஓட்டமே வெப்பநிலைக்குக் கூசும் ஓட்டம். பைகாபனேற்று ஊடகம் காபனீரொட்சைட்டு இல்லாத வெளியில் நின்றால் காரமாகவும் மாறும். நிறம் ஊதாப் பக்கம் சாய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

முழு மாற்றத்தை விடுங்கள். 30 மைக்ரோலீற்றர் எடுத்து, 10 மடங்குச் செறிவுள்ள கரைசல் 30 மைக்ரோலீற்றர் இடுங்கள். அது 24 பாகையில் இருந்தாலும் குழி 35.7க்குத்தான் இறங்கும். மருந்துப் பிளேட்டையும் 37 பாகை, 5 சதவீதக் காபனீரொட்சைட்டில் அரை மணிநேரம் வைத்திருந்தால் அந்த இறக்கமும் இல்லை. முனையைக் குழியின் சுவரோடு சாய்த்து இடவேண்டும். நடுவில் குத்தி விட்டால் மின்வாய்களின் மேலுள்ள படலம் உரிந்து வரும்.

மருந்துக்கு முன் பிளேட்டைக் கருவியில் 20 நிமிடமாவது அமரவிட்டு அடிநிலையைப் பதியுங்கள். பிறகு மருந்தை இட்டு 30 நிமிடம் விட்டுப் பதியுங்கள். மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு 48 குழிக்கும் ஒற்றைப் பிப்பெட்டால் ஓடவேண்டாம். வாய்களின் இடைவெளியைக் குழிகளுக்கேற்ப மாற்றக்கூடிய பல வாய்ப் பிப்பெட் வேண்டும்.

கலவளர்ப்பு

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: ஃப்ரிடெரீசியா வளர்ந்த மனிதரின் ஈசிஜிக்கு வந்த சூத்திரம். இந்தக் கலங்களில் சில தொகுதிகளுக்கு அது அளவுக்கு மீறித் திருத்திவிடும். அடிநிலைப் பதிவில் எல்லாக் குழிகளின் எஃப்பிடியையும் இடைவெளிக்கு எதிராக வரைந்து பாருங்கள். திருத்திய பிறகும் சாய்வு தெரிந்தால் திருத்தாத எண்ணையும் பக்கத்தில் கொடுங்கள்.

டிஎம்எஸ்ஓக் குழிகளை எங்கே வைத்தீர்கள்? ஒரே ஓர நிரலில் என்றால் அங்கே ஆவியாதல் அதிகம், உப்புச் செறிவு ஏறும். ஓரத்திலும் நடுவிலுமாகச் சிதறி வையுங்கள், பிளேட்டின் நீர்த்தொட்டிகளில் மலட்டு நீர் வற்றாமல் பாருங்கள். கணக்கிடும்போது ஒவ்வொரு குழியையும் முதலில் அதன் சொந்த அடிநிலையோடு ஒப்பிட்டு, பிறகு டிஎம்எஸ்ஓக் குழிகளின் சராசரி மாற்றத்தைக் கழியுங்கள். ஆறு குழி என்பது ஆறு பரிசோதனை அல்ல. வெவ்வேறு நாளில் உருக்கிய மூன்று தொகுதியாவது வேண்டும்.

நேர்க் கட்டுப்பாட்டுக்கு, ஹெர்க்கை அடைக்கும் டொஃபெட்டிலைட் 3, 10 நானோமோலார்: எஃப்பிடி கூடவேண்டும். மறுபக்கத்துக்கு, கல்சியம் கால்வாயை அடைக்கும் நிஃபெடிபின் 100 நானோமோலார்: எஃப்பிடி குறையவேண்டும், துடிப்பு கூடவேண்டும். நிஃபெடிபின் வெளிச்சத்தில் சிதையும், கபிலக் குழாயில் வையுங்கள். இந்த இரண்டும் சரியான திசையில் போகாத பிளேட்டில் டொம்பெரிடோன் எண்ணை வாசிக்கவே கூடாது.

பொரளைவாசி

நன்றி, இருவருக்கும். துடிப்பு 31க்கு இறங்கியிருக்கிறது, ஊடகமும் மேசையில்தான் இருந்தது. டிஎம்எஸ்ஓக் குழிகள் எல்லாம் முதல் நிரலில். இன்னும் இரண்டு கேள்வி. 10 மடங்குக் கரைசலில் டிஎம்எஸ்ஓவை எல்லாச் செறிவுக்கும் ஒரே அளவில் எப்படி வைப்பது? தூள் வரும்வரை மருந்துக்கடை வில்லையைப் பொடித்துப் பயன்படுத்தலாமா?

மின்வாய்

வில்லை வேண்டாம். மாப்பொருளும் மகனீசியம் ஸ்டியரேற்றும் கலந்தே வரும். கரைந்தது எவ்வளவு என்று அளக்காமல் செறிவு எழுதமுடியாது. தூள் வாங்கும்போது போத்தலில் உப்பு வடிவத்தை வாசியுங்கள். டொம்பெரிடோன் தனியாக மூலக்கூற்று நிறை 425.9, மலியேற்று உப்பு 542.0. 10 மில்லிமோலார் கரைசலுக்கு 1 மில்லிகிராமுக்கு முதலாவதில் 235 மைக்ரோலீற்றர் டிஎம்எஸ்ஓ, இரண்டாவதில் 184.5. மாறிப்போனால் உங்கள் செறிவு வரிசை முழுவதும் கால்பங்கு நகர்ந்துவிடும். எந்தப் பதிவும் அதைக் காட்டித்தராது.

நீர்த்தல் வரிசையை ஊடகத்தில் செய்யாதீர்கள், டிஎம்எஸ்ஓவிலேயே 1000 மடங்கில் செய்யுங்கள். 1 மைக்ரோமோலார் வேண்டுமென்றால் 1 மில்லிமோலார் கரைசலில் 2 மைக்ரோலீற்றரை 198 மைக்ரோலீற்றர் ஊடகத்தில் கலக்குங்கள். 10 மைக்ரோமோலார், 1 சதவீத டிஎம்எஸ்ஓ. அதில் 30ஐக் குழியில் இட்டால் 1 மைக்ரோமோலார், 0.1 சதவீதம். மற்றச் செறிவுகளும் அதே 2, 198, 30. பழைய கரைசலை வெளிச்சத்துக்குப் பிடித்து, படிவு இருக்கிறதா என்று பாருங்கள். டொம்பெரிடோன் நீரில் கரைய மனமில்லாத மருந்து.

கலவளர்ப்பு

செறிவுகள் பற்றி: சீபா திட்டத்தின் (மருந்துகளால் வரும் இதயத்துடிப்புக் கோளாறு அபாயத்தை மதிப்பிடுவது) 28 மருந்துகளில் டொம்பெரிடோன் நடுத்தர அபாயப் பிரிவில் இருக்கிறது. குருதியில் புரதத்தோடு ஒட்டாத உச்சச் செறிவாக அங்கே எடுத்தது சுமார் 19 நானோமோலார். ஆகவே 300 என்பது 16 மடங்கு. 10, 30, 100, 300 என்று போங்கள், ஆனால் படத்தில் 19 எங்கே விழுகிறது என்று ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடில்லாத வரைபடம் மருத்துவருக்கு எதுவும் சொல்லாது. ஊடகத்தில் சீரம் இருந்தால் மருந்தின் ஒரு பங்கு அதிலேயே ஒட்டும், அதனால் பதிவு நாளில் சீரமில்லா ஊடகம்.

ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் இந்த மருந்தை நாளுக்கு 30 மில்லிகிராம், பொதுவாக ஒரு வாரம் என்று கட்டுப்படுத்தியதற்குக் காரணமே இதயம்தான். கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்ந்தால் அபாயம் இரண்டு வழியில் கூடும்: அது ஈரலில் டொம்பெரிடோனின் சிதைவைத் தடுக்கும், தானும் ஹெர்க்கை அடைக்கும். உங்கள் பிளேட்டில் ஈரல் இல்லை. எனவே இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் இரண்டாவது வழி மட்டும் தெரியும். முதலாவதைப் பார்க்க டொம்பெரிடோன் செறிவை நீங்களே ஏற்றவேண்டும்.

இன்னொன்று, இந்தக் கலங்கள் முதிராதவை. ஐகே1 ஓட்டம் (கலத்தை ஓய்வுநிலையில் பிடித்துவைக்கும் பொட்டாசிய ஓட்டம்) குறைவு, அதனால்தான் தாமாகவே துடிக்கின்றன. ஹெர்க் தடைக்கு வளர்ந்த இதயத்தைவிட எளிதில் தடுமாறவும் செய்யும். நீட்சி சதவீதத்தை நோயாளியின் ஈசிஜியில் வரும் கியூடி இடைவெளியின் மில்லிசெக்கனாக மொழிபெயர்க்காதீர்கள். முன்கூட்டிய மறுதுடிப்புகள் எந்தச் செறிவில் தொடங்குகின்றன, எத்தனை குழியில் என்பதைத் தனி நிரலாகக் கொடுங்கள். அந்தக் குழிகளின் எஃப்பிடியைச் சராசரியில் சேர்க்கவேண்டாம்.

மின்வாய்

அடுத்த தொகுதி வரவழைக்கும்போது நாட்காட்டியைப் பாருங்கள். குப்பிகள் வரும் திரவ நைதரசன் ஆவிப் பெட்டி பொதுவாகப் 10 நாள்தான் தாங்கும். வெள்ளி பின்னேரம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, அடுத்து போயா விடுமுறையும் வந்தால் அந்த நாட்களில் பாதி சுங்கத்திலேயே கழிந்துவிடும். அனுமதித் தாள்கள் கையில் இருக்கும்போது, திங்கள் இறங்கும்படி கேளுங்கள். பெட்டியைத் திறந்ததும் வெப்பநிலைப் பதிவியின் வரைகோட்டை இறக்கிச் சேமித்துவிட்டே குப்பிகளைத் தொடுங்கள்.