போர்ட் எலன் புட்டியின் தக்கை: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

வணக்கம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 1825இல் தொடங்கப்பட்டு 1983இல் மூடப்பட்ட போர்ட் எலன் வடிசாலையின் சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த) விஸ்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓக் பீப்பாயில் முதிர்ந்தது, ஒரு புட்டி என்னிடம் இருக்கிறது. வடிசாலை 2024இல் மீண்டும் திறக்கப்பட்டாலும் அந்தப் பழைய வடிப்பு இனி வராது என்பதால்தான் இவ்வளவு பதற்றம். ஒயினைப் போல இதையும் பல ஆண்டுகள் படுக்கைவாட்டில் வைத்தது என் பிழை. சாராய வீரியம் தக்கையை அரிக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இப்போது நிமிர்த்திப் பார்த்தால், விஸ்கியின் மட்டம் கழுத்திலிருந்து தோள்வரை இறங்கியிருக்கிறது; அடியில் பழுப்புத் துகள்கள் தங்கியிருக்கின்றன. தக்கை நொறுங்காமல் திறப்பதற்கும், நொறுங்கினால் இந்த விஸ்கிக்கு உரிய புகைமணம் கெடாமல் வடிகட்டி வேறு புட்டிக்கு மாற்றுவதற்கும் உரிய முறையைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். காபி வடிகட்டும் தாளைப் பயன்படுத்தினால் அதன் வாடை விஸ்கியில் ஏறுமா?