39 வயது: கோவண்டியில் யார், எப்போது சாகிறார்கள்?

சீட்டாகேம்ப்காரன்:
கோவண்டியும் எங்கள் சீட்டா கேம்பும் இருக்கிற மும்பை மாநகராட்சிப் பகுதிதான் எம் ஈஸ்ட் வார்டு. அதைப் பற்றி மாட்டுங்காவாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "எம் ஈஸ்ட் வார்டில் 39 வயதில் சாகிறார்கள் என்பது கட்டுக்கதை. குடியும் குட்காவும்தான் காரணம், ஏழ்மையால் யாரும் சாவதில்லை" என்கிறார். ஐயா, 2009-ஆம் ஆண்டு மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் எங்கள் வார்டுக்குத்தான் கடைசி இடம், மனித மேம்பாட்டுக் குறியீடு ஒன்றுக்கு 0.05. இங்கே இறந்தவர்களின் சராசரி வயது 39. என் அப்பா 44-இல் போனார், காசநோய். அவர் வெற்றிலைகூடப் போட்டதில்லை.

மாட்டுங்காவாசி:
அப்பாவுக்காக வருந்துகிறேன். ஆனால் 39 என்பது தப்பு. எம் ஈஸ்டில்தான் அணுசக்தித் துறை ஊழியர்கள் குடியிருக்கும் அணுசக்தி நகரும் இருக்கிறது. என் மச்சினர் அங்கே ஓய்வு பெற்றவர், வயது 78. அவரும் 39-இல் செத்திருக்க வேண்டுமே?

சீட்டாகேம்ப்காரன்:
சராசரி என்றால் என்னவென்று தெரியாமலா எழுதுகிறீர்கள்? உங்கள் மச்சினரைச் சேர்த்தும் 39 வருகிறதென்றால், அவரை எடுத்துவிட்டால் எவ்வளவு வரும் என்று யோசியுங்கள்.

கணக்குவாத்தியார்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். இறந்தவர்களின் சராசரி வயது வேறு, சராசரி ஆயுள் வேறு. ஓர் இடத்தில் குழந்தைகளும் இளைஞர்களும் அதிகமாக இருந்தால், இறப்பவர்களிலும் இளையவர்கள் அதிகம் இருப்பார்கள், சராசரி தானாக இறங்கிவிடும். வயது விகிதம் கணக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு, அரசு பிறப்பு இறப்புகளை மாதிரி எடுத்துப் பார்க்கும் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு இறப்பு டில்லியில் 3.6, கேரளாவில் 7. மலையாளிகள் சீக்கிரம் சாகிறார்கள் என்றா அர்த்தம்? அங்கே முதியவர்கள் அதிகம், அவ்வளவுதான். ஒரே வயதினரை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்: அதே ஆண்டு சிசு மரணம் கேரளாவில் ஆயிரத்துக்கு 6, மத்தியப் பிரதேசத்தில் 43. வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் 39-ஐ வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை.

மாட்டுங்காவாசி:
பார்த்தீர்களா, வாத்தியாரே சொல்லிவிட்டார். 39 தப்பு.

கணக்குவாத்தியார்:
39 தப்பு என்று நான் சொல்லவில்லை.

சீட்டாகேம்ப்காரன்:
வாத்தியார் சார், நீங்கள் யார் பக்கம்? சரி, 39-ஐ விடுங்கள். ஆனால் நான் விடமாட்டேன். வயதுவாரியாகத்தானே வேண்டும்? 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வு, ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள்: அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் ஆயிரத்துக்கு 72, மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கில் 23. அந்த 72 குழந்தைகளும் குட்கா போட்டார்களா? மாட்டுங்காவாசி இதற்குப் பதில் சொல்லட்டும்.

மாட்டுங்காவாசி:
அது நாடு முழுக்க எடுத்த கணக்கு. பேச்சு மும்பையைப் பற்றி. 2020 ஜூலையில் இங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்களே, குடிசைப் பகுதியில் 57 சதவீதம் பேருக்குக் கொரோனா வந்து போயிருந்தது, மற்ற இடங்களில் 16 சதவீதம்தான். தொற்றியவர்களில் இறந்த விகிதம் குடிசைப் பகுதியில் குறைவு. ஏழ்மை கொல்லும் என்றால் இது எப்படி?

கணக்குவாத்தியார்:
அதற்கும் வயதைப் பார்க்க வேண்டும். அங்கே இளைஞர்கள் அதிகம்...

சீட்டாகேம்ப்காரன்:
நூற்றில் 57 பேருக்குத் தொற்றியது ஏன் என்று கேளுங்கள். எண்பது பேருக்கு ஒரு கக்கூஸ் என்றால் எங்கே போய்த் தள்ளி நிற்பது? உங்கள் வீட்டில் எத்தனை கக்கூஸ்?

தாராவிசெல்வி:
அண்ணா, கக்கூஸ் சண்டை வேண்டாம். நான் வீடு வீடாகப் போய்க் காசநோய் மாத்திரை கொடுக்கும் வேலையில் இருந்தவள். கோவண்டிப் பக்கம் குடிசை மாற்றி மாடிக் கட்டடங்கள் கட்டிக் கொடுத்தார்களே, லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் மூன்று மீட்டர்தான் இருக்கும். கீழ் மாடிகளில் பகலிலும் விளக்குப் போட வேண்டும், வெயிலும் காற்றும் வராது. ஒரு வீட்டில் ஒருவர் இருமினால் அடுத்த மாதம் இன்னொருவர். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கே திரும்ப வந்திருக்கிறது. இதில் பழக்கம் எங்கே வந்தது?

மாட்டுங்காவாசி:
செல்வி, உங்கள் சேவையை மதிக்கிறேன். ஆனால் இவர் கோவண்டிக்காக உருகுவதுதான் எனக்குப் புரியவில்லை. போன வருடம் பொங்கல் விழாவில் "எங்கே குடியிருக்கிறீர்கள்" என்று கேட்டதற்கு, பக்கத்திலுள்ள வசதியான பகுதியைச் சொல்லி "செம்பூர்" என்றாரே, அப்போது கோவண்டி எங்கே போயிற்று?

சீட்டாகேம்ப்காரன்:
ஆமாம், சொன்னேன். என் மகளும் வேலைக்கு மனுப் போடும்போது செம்பூர் என்றுதான் எழுதுகிறாள். சீட்டா கேம்ப் என்று எழுதிய இரண்டு இடத்தில் பேட்டிக்கே கூப்பிடவில்லை. 1976-இல் நாங்கள் இருந்த குடிசைப் பகுதியான ஜனதா காலனியை இடித்து எங்களை இந்தச் சீட்டா கேம்ப் சேற்றில் கொண்டுவந்து விட்டார்கள். முகவரியை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. அப்புறம் அந்தப் பொங்கல் விழாவில் எங்கள் பிள்ளைகளைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்ததையும் சொல்லிவிடுங்கள்.

மாட்டுங்காவாசி:
பந்தி பற்றி விழாக் குழுவிடம் கேளுங்கள். நான் குழுவில் இல்லை.

தாராவிசெல்வி:
இருந்தீர்கள் சார். அழைப்பிதழ் என்னிடம் இருக்கிறது.

கணக்குவாத்தியார்:
விஷயத்துக்கு வருவோம். லண்டனில் 1967-இல் தொடங்கி 18,000 அரசு ஊழியர்களை ஆய்ந்தார்கள், மைக்கேல் மார்மட் எழுதியது. எல்லாருக்கும் நிரந்தர வேலை, இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு உயர்நிலை அதிகாரிகளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் இடைவெளியில் பாதிக்குமேல் அப்படியே நின்றது. பழக்கம் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

மாட்டுங்காவாசி:
லண்டன் கணக்கு கோவண்டிக்கு எதற்கு? 39 என்று எழுதியதைத் திருத்தினால் மேலே பேசுகிறேன்.

சீட்டாகேம்ப்காரன்:
திருத்த மாட்டேன். 39. நீங்கள் 72-க்குப் பதில் சொல்லுங்கள்.

மாட்டுங்காவாசி:
முதலில் 39.

தாராவிசெல்வி:
அழைப்பிதழைப் படம் எடுத்துப் போடட்டுமா?