தீபாவளிக்குப் பிள்ளைகள் இல்லத்துக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

செந்தூல்வாசி:
வணக்கம். அலுவலகத்தில் ஒன்பது பேர் சேர்ந்து 1,350 வெள்ளி (ரிங்கிட்) திரட்டியிருக்கிறோம். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு கோலாலம்பூர் பழைய கிள்ளான் சாலைப் பக்கம் ஓர் இல்லத்துக்குப் போய் அரிசி, முறுக்கு, பிரியாணி கொடுக்கலாம் என்று திட்டம். வேறு என்ன வாங்கலாம்? இல்லம் உண்மையானதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

சனிக்கிழமை வாத்தியார்:
தீபாவளியை விட்டுவிடுங்கள் அண்ணே. ஆறு வருடம் ஓர் இல்லத்தில் டியூஷன் எடுத்தவன் நான். அந்த வாரம் ஒரே நாளில் மூன்று குழு வரும், மூன்று பிரியாணி வரும், ஒவ்வொரு குழுவுக்கும் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடி, படத்துக்குச் சிரித்து, அப்புறம்தான் சாப்பாடு. "அண்ணே, இன்னொரு தடவ பாடணுமா?" என்று ஒரு பொடியன் கேட்டான், மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிப்ரவரியில் போய்ப் பாருங்கள், அதே அடுப்படியில் எண்ணெய் இருக்காது. முதலில் போன் போட்டுக் கேளுங்கள். படம் எடுக்க வேண்டாம்.

பட்டர்வொர்த் அக்கா:
பராமரிப்பு மையங்கள் சட்டம் 1993-ன்படி சமூகநல இலாகாவில் பதிவு இருக்க வேண்டும் தம்பி, சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பில்லை. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்படி நன்கொடைக்கு அனுமதி உள்ள இல்லமென்றால் ரசீது வாங்கி, வரி கணக்கிடும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். மாமாக் சாப்பாட்டுக் கடையில் மேசை மேசையாக நன்கொடை அட்டை நீட்டுகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. 2023-ல் காலமான மங்களம் அம்மா மாதிரி, சுத்த சமாஜம் என்ற இல்லத்துப் பிள்ளைகளோடு ஆயுசு முழுக்க இருந்தவர்கள் எல்லா இடத்திலுமா கிடைப்பார்கள்?

ஈப்போ சாலை:
அரிசியைவிடப் பிள்ளைகளின் பிறப்பு, குடியுரிமைப் பத்திரம்தான் பெரிய தலைவலி. பெற்றோர் கல்யாணத்தைப் பதியாமல், அம்மா வெளிநாட்டவராக இருந்தால், அப்பா மலேசியர் என்றாலும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. 12 வயதில் கூடப்படிக்கிறவன் அடையாள அட்டை எடுக்கும்போது இவன் மட்டும் சும்மா நிற்பான். பதிவிலாகாவுக்கு நடையாய் நடக்க வார்டனுக்கு நேரம் ஏது? உங்களில் ஒருவர் மாதம் ஒரு நாள் லீவு போட்டுக் காரில் கூட்டிப்போனாலே போதும், பாதி பாரம் இறங்கிவிடும்.

செந்தூல்வாசி:
போன் போட்டேன். பிரியாணி ஏற்கெனவே ஐந்து பேர் சொல்லிவிட்டார்களாம். பணத்தைப் பள்ளி திறக்கும்போது காலணிக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அப்புறம் ஒன்று: படிவம் ஐந்து (இடைநிலைப் பள்ளி ஐந்தாம் ஆண்டு) பிள்ளைகளுக்குக் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறீர்களா?