அப்பாவோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் தோத்திரம். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். ரிட்டயர் ஆனதிலிருந்து அப்பா, "இனி நான் எதுக்குலே இருக்கேன்?" என்கிறார். கோவிலுக்குத் தவறமாட்டார்; அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) காய் நறுக்க முதல் ஆளாக நிற்பார். ஆனால் ஆண்டவரோடு தனக்குப் பேச்சே இல்லை, பழக்கத்தில்தான் முழங்கால் போடுகிறேன் என்கிறார். வேதத்தில் பிரசங்கி புத்தகத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், 'மாயை' வரும் இடமெல்லாம் பென்சில் கோடு. (அதுவும் வேதம்தான், சரி.)

யோவான் 15-ல் இயேசு திராட்சச்செடியையும் கொடியையும் பற்றிச் சொல்வதைச் சேர்ந்து வாசிக்கலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் எங்கே தொடங்குவீர்கள்? அப்புறம், பிரசங்கம் பண்ணாமல் காது கொடுத்துக் கேட்கிற பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். சாயங்காலம் பைக்கில் கூட்டி வருகிறேன். மாடி வீடு மட்டும் வேண்டாம், அப்பாவுக்கு மூட்டுவலி.