மீல்வார்ம் புழு வெயிலில் செத்துப்போகிறது, ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

மொட்டைமாடி:
வணக்கம், சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். பின்சுவரில் பழைய குழாயைப் பிடுங்கிய ஓட்டையில் ஒரு ஜோடி குண்டுகரிச்சான் குருவி கூடு வைத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது, இரண்டும் நாள் முழுக்க எதையாவது கவ்விக்கொண்டு உள்ளே போவதும் வருவதுமாக இருக்கின்றன. ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று மீல்வார்ம், அதாவது பறவைத் தீனியாக விற்கிற வண்டுப்புழு, கால் கிலோ பார்சலில் வரவழைத்தேன். வரும்போதே பாதி கறுத்துக் கிடந்தது. மிச்சத்தை டப்பாவில் போட்டு, தண்ணீர் தெளித்து, இறுக்கி மூடி வைத்தேன். மூன்றே நாளில் ஒரே நாற்றம். ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்கிறார்கள், அம்மாவோ புழு உள்ளே வந்தால் நான் வெளியே என்கிறார்.

தவிட்டுக்கடை:
தண்ணீர் தெளித்ததுதான் தப்புங்க, அதோடு மூடி வேறு. செவ்வாய்ப்பேட்டை பக்கம் மாட்டுத்தீவனக் கடையில் கோதுமைத் தவிடு வாங்கி, வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று விரல் உயரத்துக்குப் போடுங்கள். அந்தச் சுவரில் புழுவால் ஏற முடியாது, பல்லிக்காக மேலே கொசுவலை கட்டினால் போதும். ஈரத்துக்கு ஒரு துண்டு கேரட், மறுநாள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம். எறும்புதான் பெரிய எதிரி, டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவே ஒரு கல்மேல் வையுங்கள். கறுத்து நசிந்ததைப் பொறுக்கி எறியுங்கள். வெள்ளையாக மெத்தென்று இருப்பதை எறியாதீர்கள், அது இப்போதுதான் தோலுரித்தது, குஞ்சுக்கு அதுதான் வாகு.

ஃப்ரிட்ஜ் என்றால் காய்கறித் தட்டு, 8 முதல் 10 டிகிரி. புழு தூங்கினாற்போல் கிடக்கும், வாரம் ஒரு தரம் வெளியே வைத்துத் தீனி காட்ட வேண்டும். சூப்பர்வார்ம் என்று பெரிதாக விற்கிறார்களே, அது குளிர் தாங்காது.

நாகலூர்_காப்பி:
எங்கள் ஏற்காட்டில் கதையே வேறு. குளிரில் புழு வளரவே மாட்டேன் என்கிறது, 25 டிகிரிக்கு மேல் போனால்தான் சுறுசுறுப்பு. பனிமூட்டத்தில் தவிடு நமத்துப்போய்ப் பொடிப்பொடியாய் உண்ணி ஊர்ந்ததில் ஒரு டப்பாவையே கொட்டினேன். தவிட்டை வெயிலில் காயவைத்து ஆறிய பிறகே போடுகிறேன்.

இன்னொன்று, அள்ளிக் கொடுக்காதீர்கள். மீல்வார்மில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம், அதையே தின்று வளரும் குஞ்சுக்கு எலும்பு உறுதிப்படாது. காலையில் பத்து, மாலையில் பத்து, அவ்வளவுதான். மற்றதை அவையே தேடிக்கொள்ளும், நீங்கள் செடிக்கு மருந்து அடிக்காமல் இருந்தால். கூட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், பூனைக்கு வழி காட்டினதுபோல் ஆகிவிடும்.

மொட்டைமாடி:
நன்றிங்க. மருந்து போன வாரம்தான் அடித்தேன், இனி இல்லை. அம்மாவிடம் பேச்சுவார்த்தை முடிந்தது: ஃப்ரிட்ஜ் கிடையாது, பழைய மண்தொட்டியில் ஈரமணல் போட்டு அதற்குள் டப்பா, இடம் மாடிப்படிக்குக் கீழே. இன்று சிமென்ட் திட்டில் பத்துப் புழு வைத்தேன். ஆண் குருவி நான்கைக் கொண்டுபோனது, மிச்சம் ஆறும் மைனாவுக்கு.