தப்பால் வீட்டு குரூப்

சனி, காலை 9:14

வெலிமட அத்தை: குட்டி காட்டுல விழுந்து கால் ஒடஞ்சி ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்களாம் உண்மையா?? வேலைக்கு பேர் போடுற பிரட்டுகளத்துல பேசிக்கிட்டாங்கன்னு போன் வருது

லிந்துல சித்தப்பா: யாரு சொன்னா

கொழும்பு அக்கா: அய்யோ என்னா அத்தை

பெரியப்பா: சைக்கிள வித்துருன்னு அன்னைக்கே சொன்னேன்

பெரியம்மா: 🎤 0:48

நான்: ஆஸ்பத்திரி எல்லாம் இல்ல அத்தை, வீட்டுலதான் இருக்கேன். முழங்கையில தோல் போயிருச்சு அவ்வளவுதான். ஹெல்மெட் முழங்கால் பேட் எல்லாம் போட்டிருந்தேன்

வெலிமட அத்தை: முருகா

கொழும்பு அக்கா: போட்டோ போடு, நம்ப மாட்டேன்

நான்: 📷

கொழும்பு அக்கா: கையவிட காலுலதான் ரத்தம்

நான்: அது அட்டை கடிச்சது

லிந்துல சித்தப்பா: ரோட்டுல ஓட்டுனா ஆகாதாடா

நான்: ரோட்டுல ஓட்டத் தெரியும் சித்தப்பா, வேர் மேல ஓட்டத்தான் பழகுறேன். ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க அதனால நடந்தத சொல்லிர்றேன். 12ஆம் நம்பர் தேயிலை மலைக்கு மேல யூகலிப்டஸ் காட்டுக்குள்ள வெறகுக்கு போற குறுக்குப்பாதை இருக்குல்ல, அங்க பட்டை உரிஞ்சி விழுந்து வேரெல்லாம் மூடிக் கெடக்கு, ராத்திரி பூரா மழை வேற. ஈர வேர் சவுக்காரம் மாதிரி வழுக்கும். டயரும் வேரும் கூட்டல் குறி மாதிரி சந்திக்கணும், அப்ப ஏறி எறங்கிரும். நான் சாய்வா விட்டுட்டேன், முன் டயர் வேர் போற பக்கமே போயிருச்சு. அதவிட பெரிய தப்பு, பயத்துல வேர் மேலயே முன் பிரேக்க புடிச்சிட்டேன். உருளுற டயர்தான் புடிக்கும், நின்ன டயர் வழுக்கும். வேருக்கு முந்தியே மண்ணுல வச்சி வேகத்த கொறைச்சிட்டு, வேர் வந்ததும் பிரேக்க விட்டுரணும். இத தெரிஞ்சிக்கிட்டே விழுந்தேன், கை கேக்கல

லிந்துல சித்தப்பா: கூட்டல் குறி 👍

பெரியப்பா: எவ்வளவு பெரிய கதை

நான்: இன்னும் இருக்கு பெரியப்பா. சீட்ட எறக்கிட்டு எந்திரிச்சி நின்னு ஓட்டணும், ரெண்டு பெடலும் ஒரே மட்டத்துல, ஒண்ணு கீழ தொங்குனா வேர்ல இடிச்சி ஆளையே தூக்கிப் போட்டுரும். கை கால் மடங்கியே இருக்கணும். கண்ணு வேர பாக்கக்கூடாது, அதத் தாண்டி போற எடத்த பாக்கணும். டயர் காத்து 40 பிஎஸ்ஐ வச்சிருந்தேன், கல்லு மாதிரி துள்ளுச்சு, இப்ப 28. அதுக்கும் கொறைச்சா ட்யூப் ரிம்முல கடிபட்டு ரெண்டு ஓட்டை விழுது

பெரியம்மா: தாத்தா அந்த பாதையிலதான் தப்பால் பைய மாட்டிக்கிட்டு சைக்கிள்ல போனாரு. ஒரு நாளும் விழல

பெரியப்பா: பாதி வழி தள்ளிக்கிட்டு போவாரு

வெலிமட அத்தை: அந்த சைக்கிள் எங்க போச்சுன்னு இன்னைக்காவது சொல்லுங்க அண்ணே

பெரியப்பா: இரும்புக்கு போட்டது நான் இல்ல

லிந்துல சித்தப்பா: நானும் இல்ல

கொழும்பு அக்கா: ஆரம்பிச்சிட்டாங்க

பெரியம்மா: நாளைக்கு பாப்பா சடங்குக்கு நாற்காலி யாரு கொண்டு வாறது அத சொல்லுங்க மொதல்ல

லிந்துல சித்தப்பா: 60 சொல்லியிருக்கேன்

பெரியம்மா: 80 வேணும்னு சொன்னேனே

கொழும்பு அக்கா: குட்டி, ஹப்புத்தளை பக்கம் இப்ப காஞ்சிதானே இருக்கும், அங்க பழகலாமே

நான்: ஆமாக்கா, தென்மேல் மழை நம்ம பக்கம்தான் கொட்டும், யூன் யூலையில ஊவா பக்கம் காத்துதான். தலவாக்கலையில ரயில் ஏறுனா ஹப்புத்தளை, தம்பேதன்ன தேயிலை ஸ்டோர்ல இருந்து மலை உச்சி லிப்டன் சீட்டுக்கு 7 கிலோமீட்டர் ஏத்தம், அதுவும் போவேன். ஆனா ஈரத்துலயும் பழகணும், நம்ம பக்கம் பாதி வருசம் ஈரம்தானே. டூரிஸ்ட் நடக்குற பீக்கோ ட்ரெயில் ஹந்தானையில இருந்து நுவரெலியா வரைக்கும் 22 பகுதி, 300 கிலோமீட்டருக்கு மேல, அதிகமா தோட்டத்து பாதைதான். நம்ம ஆளுங்க கொழுந்தும் வெறகும் சுமந்து நடந்து போட்ட பாதை. அதுல ஆளுங்கள கூட்டிட்டு போற வேலைய நம்ம பொடியன்கள்தான் செய்யணும், எனக்கு அந்த வேலை வேணும். அதுக்குத்தான் விழுறேன்

வெலிமட அத்தை: ❤️

கொழும்பு அக்கா: கையுறை நான் வாங்கி அனுப்புறேன். சைஸ் சொல்லு

லிந்துல சித்தப்பா: ஞாயித்துக்கெழம சடங்கு முடிய வேன் சும்மாதான் நிக்கும். ஹப்புத்தளைக்கு விடலாம். பாப்போம்

பெரியம்மா: அந்த வேன்லதான் நாற்காலி திருப்பிக் குடுக்கணும்

பெரியப்பா: டேய் குட்டி. அந்த காட்டுல ரெண்டாவது தண்ணிக் கானுக்கு மேல ஒரு தடம் இருக்கு. அப்பா அதுலதான் எறங்குவாரு. வேர் கொறைவு. மொதல்ல அதுல பழகு

நான்: எங்க பெரியப்பா, கல்லு பக்கமா?

வெலிமட அத்தை: அண்ணே அந்த தடம் உங்களுக்கு எப்படி தெரியும். அப்ப சைக்கிள் உங்ககிட்டதான் இருந்துச்சு!!

பெரியப்பா: நாளைக்கு காலையில 6 மணிக்கு வா காட்டுறேன். மழை இல்லாட்டி

பெரியம்மா: நாளைக்கு சடங்கு

லிந்துல சித்தப்பா: 60 நாற்காலிதான் இருக்காம் இப்ப கேட்டுட்டேன்